துடைக்காமல் விட்ட தண்ணீர்

என் நாத்தனாரைப் பற்றி ஒரு பக்கம் நல்லதாக எழுதித் தர வேண்டுமாம். எங்கள் மருத்துவமனையின் ஆண்டு மலரில் ‘நம்மில் ஒருவர்’ என்று ஒரு பகுதி உண்டு. போன தடவை ஆம்புலன்ஸ் டிரைவரைப் பற்றி வந்தது. அதற்கு முந்தின தடவை சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். இந்த வருஷம் அவள். இருபது வருஷமாக இதே லேபில் நான் குப்பை கொட்டுகிறேன், என் பெயர் யார் வாயிலும் வரவில்லை. எங்கள் லேப் டாக்டர் சிரித்துக்கொண்டே சொன்னார்: “உங்களைவிட யாரும்மா பொருத்தம்? ஒரே குடும்பம், ஒரே லேப். நீங்களே எழுதிடுங்க.” எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. பாவம், நிறையப் படித்த மனிதர்.

சரி, எழுதுகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது. நல்லதாக மட்டும் இருக்கும் என்றும் வாக்குக் கொடுக்க முடியாது.

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘எதுக்கு’. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போனபோது அவளுக்குப் பதினோரு வயது. ரெட்டைப் பின்னல், முழங்காலில் காய்ந்துபோன சிராய்ப்பு. என் அப்பா எனக்கு வாங்கித் தந்த அலாரம் கடிகாரத்தை மூன்றாம் நாளே கழற்றிப் பற்சக்கரங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, இந்தச் சின்னது எதுக்கு? இதுக்கு மட்டும் பல்லு ஏன் சாய்வா இருக்கு?”

திட்ட வாயெடுத்தேன். மாமியார் முந்திக்கொண்டார். “எவ்வளவு நுணுக்கமா பாக்குது பாரு என் பொண்ணு!” சாயங்காலத்துக்குள் அவள் எல்லாவற்றையும் திரும்பப் பொருத்திவிட்டாள். கடிகாரம் முன்பைவிடச் சரியாக ஓடியது. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. கெட்டுப் போயிருந்தால் ஒரு தடவையாவது ஆசை தீரத் திட்டியிருப்பேன்.

அந்த வீட்டில் நான் எதைச் செய்தாலும் அது மருமகளின் கடமை. அவள் ஒரு தம்ளரை எடுத்து வைத்தால் அது கெட்டிக்காரத்தனம். என் வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் “எதுக்கு எங்க?” என்று கேட்பார். நான் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை, நான் எப்போதும் அடுப்படியில்தான் இருப்பேன். பதினோரு வயதுப் பிள்ளையோடு போட்டி போடுவது வெட்கக்கேடு என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டேன்.

அவளுக்கு இருபத்து நாலு வயதில் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், தங்கமான மனிதர், அதிலும் அவளுக்கு யோகம். அப்பாடா, ஒழிந்தாள் என்று நிம்மதியாக இருந்தேன். ஐந்து வருஷம்கூட நிலைக்கவில்லை. அவர் வேலை செய்யும்போது கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்துவிட்டார். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். “உன் ஆஸ்பத்திரியில ஒரு வாய் வார்த்தை சொல்லேன். கண்ணாடி கழுவுற வேலைன்னாலும் பரவால்ல.” நானே போய்ச் சொன்னேன். என் வாயால், என் காலால் நடந்துபோய், என் லேபுக்குள் அவளைக் கொண்டுவந்து விட்டேன்.

லேபைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. மூன்றாவது மாடி, நடைபாதையின் கடைசி அறை. கதவைத் திறந்ததும், சதை அழுகாமல் வைக்கும் ஃபார்மலின் வாடை மூக்கைப் பிடுங்கும். நோயாளிகளின் உடம்பிலிருந்து டாக்டர்கள் கிள்ளியெடுக்கிற சதைத் துணுக்குகள் எங்களிடம் வரும். அதை மெழுகில் புதைத்துக் கட்டியாக்குவோம். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்கிற இயந்திரத்தில் பொருத்திச் சக்கரத்தைச் சுற்றினால், கத்தியின் முனையிலிருந்து ஈரவெங்காயத் தோலைவிட மெல்லிய நாடா ஒன்று வரும். அதைத் தூரிகையால் தூக்கி வாட்டர் பாத்தில் விட வேண்டும், அதாவது வெதுவெதுப்பான தண்ணீர் இருக்கும் கறுப்புத் தொட்டியில். சுருக்கம் நீங்கி நாடா தண்ணீர்மேல் விரியும். அடியில் கண்ணாடி ஸ்லைடை நுழைத்து லாகவமாக ஏந்தி எடுத்தால் துணுக்கு கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு நீலச் சாயம், ரோஸ் சாயம். பிறகு டாக்டரின் மைக்ரோஸ்கோப்.

இதில் ஒரே ஒரு சட்டம் மட்டும் எல்லாவற்றுக்கும் மேல். ஒருவரின் துணுக்கை எடுத்து முடித்ததும், அடுத்தவருடையதைத் தொடுவதற்கு முன்னால், தண்ணீரின் மேற்பரப்பை மெல்லிய காகிதத்தால் ஒரு தடவை வழித்துத் துடைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தால் அடுத்த ஆளின் ஸ்லைடில் ஏறிவிடும். அப்புறம் ஒருவர் நோய் இன்னொருவர் கணக்கில். இடத்தைவிட்டு எழுந்திருப்பவர் துடைத்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். உட்காருகிறவர் அதை நம்பி உட்காருவார்.

எதுக்கு முதல் மூன்று வருஷம் கண்ணாடிதான் கழுவினாள். நான் அவளுக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். கேட்டபோதெல்லாம் “இப்ப நேரமில்ல” என்றேன். அவள் கழுவுதொட்டிப் பக்கத்தில் நின்றபடியே என் கையைப் பார்த்தாள். மாலை வகுப்பில் சேர்ந்து டெக்னீஷியன் பரீட்சை எழுதினாள். கணவருக்கு மருந்து, மகளுக்குப் பள்ளிக்கூடம், இதற்கு நடுவில் முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் இரண்டாம் தடவை தேறியவள்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் பார்த்து முடித்த ஸ்லைடுகளைச் சாயங்காலம் பெட்டியில் அடுக்குவதற்கு முன்னால், தான் வெட்டியதை ஒவ்வொன்றாக மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பாள். எங்கள் வேலை வெட்டுவதும் சாயமேற்றுவதும்தான். நிறம் சரியா, மடிப்பு இல்லையா என்று சரிபார்ப்பது மூத்தவள் என்ற முறையில் என் பொறுப்பு. அதற்குமேல் பார்க்க வேண்டியவர் டாக்டர். இவள் ஏன் பார்க்கிறாள்? “சும்மாதான் அண்ணி. எது எதுக்கு இப்படி இருக்குன்னு பாத்தேன்.”

பார்த்ததைத் தன்னோடு வைத்துக்கொள்வாளா என்றால் அதுவும் கிடையாது. கேன்டீன்காரி அக்காவிடம் சொல்லுவாள்.

“அக்கா, ரத்தத்துல சிவப்பு செல்லு இருக்குல்ல, அது நடுவுல இருக்கிற கருவையே தூக்கி வெளிய போட்டுடும். எதுக்குன்னு கேளுங்க.”

“எதுக்குடி?”

“சுமக்கத்தான். சரக்கு வண்டியில இருக்கிற சீட்டையெல்லாம் கழட்டி எறிஞ்ச மாதிரி. உள்ள முழுக்க ஆக்ஸிஜன் ஏத்திக்கலாம். அதே குடல்ல பாருங்க, அங்க இருக்கிற செல்லுக்கு மேல்பக்கம் பொடிப் பொடியா நீட்டிக்கிட்டு இருக்கும். வழவழன்னு இருக்கிற துணி தண்ணிய உறிஞ்சுமா? டர்க்கி டவல்தானே உறிஞ்சும்? அது மாதிரி.”

“மூச்சு விடுறோமே, அங்க?”

“அங்க வேற. மூச்சுக் குழாயில இருக்கிற செல்லுக்குத் தலையில வரிசையா முடி. நாம இழுக்கிற தூசியைச் சளியோட சேத்து மேல தள்ளிக்கிட்டே இருக்கும். நாள் பூரா பெருக்குற வேலை. வயித்துக்குள்ள அந்த முடி இருக்காது. அங்க பெருக்க என்ன இருக்கு? அங்க அமிலம் சுரக்கணும். அதுக்குச் சக்தி வேணும். அதனால வயித்துச் செல்லு உள்ள முழுக்க மைட்டோகாண்ட்ரியாவா அடைச்சு வச்சிருக்கும். அதான் ரோஸ் சாயத்தை அப்படிக் குடிக்குது!”

நான் பக்கத்து மேஜையில் தயிர் பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். அந்த ரோஸ் நிறத்தை இத்தனை வருஷமாக ஏற்றுகிறவள் நான். எத்தனை நிமிஷம் முக்க வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். ஏன் ரோஸ் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நேற்று வந்தவள் சொல்கிறாள், கேன்டீன்காரி வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறாள். எனக்கு வயிறு எரிந்தது. சுரக்கிற செல்கள் என் வயிற்றில் இரட்டை ஷிஃப்ட் பார்த்தன என்றுகூடச் சொல்லலாம்.

அன்றைக்கே ஒரு முடிவு எடுத்தேன். எதுக்குவின் மகள் பிளஸ் ஒன் முடித்துப் பழைய புத்தகக் கட்டை எங்கள் வீட்டில் போட்டிருந்தாள். அதிலிருந்து உயிரியல் புத்தகத்தை உருவி, பீரோவில் துணிகளுக்கு அடியில் ஒளித்து வைத்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது எடுத்துப் படித்தேன். காதல் கடிதம் படிப்பதுபோலத் திருட்டுத்தனமாக, நாற்பத்தேழு வயதில், செல்லைப் பற்றி. கொழுப்புச் செல் தன் கருவை ஓர் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு இடத்தையெல்லாம் சேமிப்புக்கு விட்டிருப்பது, நரம்புச் செல் சேதி கொண்டுபோவதற்காகவே நூல்போல நீண்டிருப்பது, தோலின் மேலடுக்குச் செல்கள் செத்தபிறகும் ஓடு வேய்ந்ததுபோல ஒன்றன்மேல் ஒன்று கிடந்து காவல் காப்பது. படித்ததை மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் தேடுவேன், இருக்கும். உள்ளதைச் சொல்கிறேன், அழகாக இருந்தது. அழகாக இருக்கிறதே என்று அதற்கும் சேர்த்து அவள்மேல் கோபம் வந்தது. இத்தனை வருஷம் என் கண்ணெதிரில் கிடந்ததை அவள் வந்தல்லவா காட்ட வேண்டியிருந்தது.

போன வருஷம் எங்கள் தலைமை டெக்னீஷியன் ஓய்வு பெறுவதாக இருந்தார். லேபில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி உண்டு, புது மைக்ரோடோமுக்கு எதிரில். தலைமை டெக்னீஷியனின் இடம் அது. அந்த நாற்காலிமேல் எனக்கு எத்தனை வருஷமாகக் கண் என்று கேட்காதீர்கள். பணிமூப்பில் அது எனக்கு. ஆனால் டாக்டர் யாரை எழுதிக் கொடுக்கிறாரோ அவருக்குத்தான் போகும். அவர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பது லேபில் இருக்கிற கண்ணாடிக் குடுவைகளுக்குக்கூடத் தெரியும்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன்.

காலையில் வெளியூரிலிருந்து மூன்று டாக்டர்கள் லேபைப் பார்க்க வந்திருந்தார்கள். எங்கள் டாக்டர் ஒரு ஸ்லைடை வைத்துக் காட்டினார். மூவரும் மாறி மாறிப் பார்த்து, “இவ்வளவு மெல்லிசா, ஒரு கீறல் இல்லாம, யாரு வெட்டினது?” என்றார்கள். டாக்டர் எதுக்குவின் தோளைத் தட்டாத குறையாக, “இவங்கதான். எங்க லேபோட கை” என்றார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு அவசரமாக, “இவங்க அண்ணியும் இங்கதான் இருக்காங்க. அவங்களும் நல்லா செய்வாங்க” என்றார். எனக்கு ஆறுதல் பரிசு.

அப்போது நான் ஒரு நுரையீரல் பயாப்சியை வெட்டிக்கொண்டிருந்தேன். மூச்சுக் குழாயில் கட்டி இருந்த யாரோ ஒருவருடையது. நாடாவைத் தண்ணீரில் விட்டேன், ஸ்லைடில் ஏந்தினேன், எண்ணை எழுதினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அந்த மூன்று பேர் முன்னால் அழுதுவிடக் கூடாது என்று எழுந்து முகம் கழுவப் போய்விட்டேன். துடைக்கவில்லை. இருபது வருஷத்தில் ஒரே ஒரு தடவை நான் துடைக்காமல் எழுந்தது அன்றைக்குத்தான்.

திரும்பி வந்தபோது அவள் என் இடத்தில் உட்கார்ந்து அடுத்த கட்டியை வெட்டி முடித்திருந்தாள். “நேரமாச்சேன்னு நான் ஆரம்பிச்சுட்டேன் அண்ணி. கோச்சுக்காதீங்க.” அது ஒரு வயிற்றுப் பயாப்சி. பதிவேட்டில் அந்த எண்ணுக்கு எதிரே அவள் கையெழுத்து.

மதியம் சாயமேற்றிய ஸ்லைடுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அந்த வயிற்று ஸ்லைடை வைத்தேன். மூன்று துணுக்குகள், நல்ல ரோஸ், அவள் சொன்ன அதே மைட்டோகாண்ட்ரியா ரோஸ். மடிப்பு இல்லை. எடுக்கப்போனேன். கண்ணாடியின் ஓரத்தில், ரவை அளவுக்கு, நான்காவதாக ஒரு துணுக்கு. உள்ளே கருநீலமாகச் செல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரித்துக்கொண்டிருந்தன. எந்த வேலைக்கும் லாயக்கில்லாத உருவம். புற்று எப்படி இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் எனக்கும் தெரியும். ஆனால் அந்தத் துணுக்கின் ஒரு விளிம்பில் கொஞ்சம் நல்ல செல்கள் மிஞ்சியிருந்தன. உயரமாக, வரிசையாக. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் முடி.

வயிற்றில் பெருக்குகிற செல்லுக்கு என்ன வேலை? அது வயிற்றுக்காரருடையது இல்லை. மூச்சுக் குழாய்க்காரருடையது. என் தண்ணீரிலிருந்து ஏறியது.

எனக்கு முதலில் வந்த உணர்ச்சி என்ன என்பதை எழுதத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். சந்தோஷம். மாட்டிக்கொண்டாள் என்கிற சந்தோஷம். ஸ்லைடு அவளுடையது, கையெழுத்து அவளுடையது. டாக்டர் கண்ணுக்கு இந்த முடி தப்பாது, பார்த்த உடனே கூப்பிட்டு நாலு வாங்கு வாங்குவார், இன்னொரு ஸ்லைடு வெட்டச் சொல்வார், விஷயம் முடிந்தது. யாருக்கும் கெடுதல் இல்லை, அவள் பெயரில் ஒரு சின்னக் கறை, அவ்வளவுதான். இப்படிக் கணக்குப் போட்டு, அந்த ஸ்லைடை டாக்டருக்குப் போகும் தட்டில் மேலிருந்து மூன்றாவதாக வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

ஸ்லைடுகளைக் கொடுத்துவிட்டு வரும்போது நடைபாதையில் ஒருவர் என்னை நிறுத்தினார். ஒல்லியான மனிதர், விரல் நுனியெல்லாம் இரும்புத்தூள் ஏறிக் கறுத்திருந்தது. சீட்டை நீட்டினார். அந்த வயிற்று எண். பூட்டு ரிப்பேர் கடை வைத்திருக்கிறாராம்.

“மேடம், ரிசல்ட் இன்னிக்கு வருங்களா?”

“நாளைக்கு வாங்க.”

“நாள் பூரா பூட்டைத் தொறந்து பாக்குறவன் நான். என் வயித்தைத் தொறந்து பாத்துட்டு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறாங்க” என்று சிரித்தார்.

அன்று டாக்டருக்கு அறுபத்தோரு ஸ்லைடு, நடுவில் விருந்தினர்கள், நாலரைக்கு ஒரு கூட்டம். நாலு மணிக்கு அவர் அறையிலிருந்து குரல் கேட்டது, தட்டச்சு செய்யும் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தார். “அந்த வயிறு கேஸ் கான்சர்தான். அடிச்சு வையுங்க, காலைல கையெழுத்துப் போடுறேன். சர்ஜனுக்கும் ஒரு போன் பண்ணிடுங்க.” அவசரத்தில் அவர் நடுவில் இருந்த நீலத்தைத்தான் பார்த்திருக்கிறார். ஓரத்து முடியைப் பார்க்கவில்லை.

சொல்லலாமா? சொன்னால் “மதியமே சரிபார்த்தீங்களே, அப்ப தெரியலையா?” என்பார். எந்த நுரையீரல், யார் வெட்டியது என்று பதிவேட்டைப் புரட்டுவார். என் கையெழுத்து இருக்கும். நாற்காலி போயிற்று. காலையில்தானே கையெழுத்து, அதற்குள் ஏதாவது வழி பிறக்கும் என்று பையை எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குக் கிளம்பிவிட்டேன். இந்தக் கேவலத்தை எழுதும்போது பேனா நடுங்கும் என்று நினைத்தேன், நன்றாகவே எழுதுகிறது.

பஸ் நிறுத்தத்தில் பூட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். ஒரு பன்னைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, நிதானமாக மென்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்.

“மெதுவா தின்னா வலி கம்மியா இருக்குங்க” என்றவர், பன்னில் பாதியைக் காகிதத்தோடு என் பக்கம் நீட்டினார். “நாள் பூரா வேலை பாத்துட்டு வர்றீங்க. சாப்பிடுங்க.”

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. பன்னை வாங்காமல் திரும்பி ஓடினேன். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. மூன்று மாடியும் படியில் ஏறினேன். நாற்காலி போனால் போகட்டும், அந்த மனிதரின் வயிறு போகக்கூடாது. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு நல்ல எண்ணம் எனக்கு வந்ததில்லை. அது வந்த நேரத்தைப் பாருங்கள்.

லேபில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலோர மைக்ரோடோமில் எதுக்கு அந்த வயிற்றுக் கட்டியை மறுபடி வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் டாக்டர், முகம் சிவந்து போயிருந்தது.

“நல்லவேளை வந்தீங்க. உங்க நாத்தனார் பண்ணின காரியத்தைப் பாருங்க” என்றார் என்னிடம். “வேற ஆளோட துணுக்கு இந்த ஸ்லைடுல ஏறியிருக்கு. சாயங்காலம் அடுக்கும்போது இவங்களே பாத்துட்டுக் கூட்டத்துல வந்து என்னைப் பிடிச்சாங்க. இல்லன்னா நல்ல வயித்தை வெட்டியிருப்போம்!”

நான் அவளைப் பார்த்தேன். அவள் சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நுரையீரல் கேஸுல இன்னொரு ஸ்லைடு எடுத்து வைப்போம்னு நான்தான் வெட்டினேன் சார். அண்ணி முகம் கழுவப் போயிருந்தாங்க. அது சரியா வரல, தூக்கிப் போட்டுட்டேன். அப்புறம் தண்ணியைத் துடைக்க மறந்துட்டேன்.”

பொய். பச்சைப் பொய். அப்படி ஒரு ஸ்லைடு கிடையாது. அவள் என்னை நம்பித்தான் அந்தத் தண்ணீரில் கையை வைத்தாள்.

“ஒன்பது வருஷமா ஒரு தப்புகூட இல்லாத ஆளு” என்றார் டாக்டர். “தலைமைப் பொறுப்புல உக்கார வேண்டியவங்க துடைக்க மறந்தா எப்படி?” அப்போது நான் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொல்வதற்காகத்தானே மூன்று மாடி மூச்சிரைக்க ஓடி வந்தேன்? ஆனால் பூட்டுக்காரரின் வயிறு ஏற்கெனவே பிழைத்துவிட்டது. இனிமேல் சொன்னால் மிச்சம் இருப்பது என் அவமானம் மட்டும். வாயை மூடிக்கொண்டு சாயத் தொட்டிகளைத் தயார் செய்தேன்.

புது ஸ்லைடை நாங்கள் மூவரும் மாறி மாறிப் பார்த்தோம். சாதாரணப் புண். ரோஸ் நிறச் செல்கள் தங்கள் வேலையில் தங்கள் இடத்தில் இருந்தன. நீலம் எங்கும் இல்லை. மறுநாள் பூட்டுக்காரர் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு, எதுக்குவைத் தேடிப்பிடித்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். டாக்டர்தான் அவளிடம் அனுப்பியிருந்தார். எனக்கு அதுவும் பொறுக்கவில்லை. அவர் எனக்குத்தானே பன் கொடுத்தார்?

அன்று மாலை படியில் இறங்கும்போது அவளைக் கேட்டேன். “எதுக்குடி அப்படிச் சொன்னே?”

“தண்ணியைத் துடைக்காம நீங்க எந்திரிச்சதே கிடையாது அண்ணி. அவ்வளவு கோவத்துல போயிருக்கீங்கன்னா அது என்னாலதான். அவரு என்னைப் புகழ்ந்தப்ப உங்க மொகத்தைப் பாத்தேன்.” நாலு படி இறங்கினாள். “அன்னிக்குக் கண்ணாடி கழுவுற வேலையாவது வாங்கிக் கொடுத்தீங்களே, அதுக்கு நான் என்ன செஞ்சேன்?”

அடுத்த மாதம் ஜன்னலோர நாற்காலி எனக்கு வந்தது. மாமியார் இனிப்பு வாங்கி வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் கல்யாணமாகி முதல் தடவையாக என் வேலையைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகப் பேசினார். எதுக்குதான் நாற்காலியைத் துடைத்து என்னை உட்கார வைத்தாள். உட்கார்ந்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, வெளிச்சம் நேராக விழுகிறது. ஆனால் தண்ணீரைத் துடைக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அவள்மேல் எரிச்சல் வருகிறது. தோற்றாள், அதில்கூட என்னை ஜெயித்துவிட்டாள். நான் ஆசைப்பட்டதை அவள் கொடுத்தல்லவா நான் வாங்க வேண்டியிருந்தது.

அவளுக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. நான் துடைக்கவில்லை என்பதுதான் அவளுக்குத் தெரியும். கோபத்தில் மறந்தது, போகட்டும் என்று விட்டுவிட்டாள். மதியமே அந்த முடியை நான் பார்த்தேன், பார்த்துச் சந்தோஷப்பட்டேன், தெரிந்தே தட்டில் வைத்தேன் என்பது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பொய்யைச் சொல்லியிருப்பாளா? சொல்லியிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். இனிமேல் என்னை அண்ணி என்று கூப்பிடுவாளா என்பதுகூடச் சந்தேகம். அவள் அப்படிக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று ஒரு வாரமாக யோசித்துப் பார்க்கிறேன். வயிறு எரியவில்லை, பயமாக இருக்கிறது.

டாக்டர் கேட்டது அவளைப் பற்றி ஒரு பக்கம். ‘மறக்க முடியாத ஒரு சம்பவம்’ என்று அதிலேயே ஒரு தலைப்பும் கொடுத்திருந்தார். எழுதியாயிற்று. ஆண்டு மலரில் போடுவதும் என் நாற்காலியை எடுத்துக்கொள்வதும் அவர் இஷ்டம். அவள் சொன்னது பொய், நான் எழுதியிருப்பது உண்மை. இந்த ஒன்றிலாவது நான் அவளை முந்தியிருக்கிறேன்.

இந்தக் காகிதங்களை மடித்து, இன்றைக்கு டாக்டருக்குப் போகும் ஸ்லைடுத் தட்டில் மேலிருந்து மூன்றாவதாக வைக்கிறேன். இதையாவது அவர் ஓரம்வரை பார்க்கட்டும்.